வட்டி பூஜ்ஜியத்தில் நிற்கும்போது மத்திய வங்கி என்ன செய்யும்? ஜப்பானை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டி விகிதம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டால் மத்திய வங்கியின் கையில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2008க்குப் பிறகுதான் இதைப் பற்றி மண்டையைக் குழப்பிக்கொண்டன. ஜப்பான் அதற்குப் பத்து வருடம் முன்பே அந்த நிலைக்கு வந்து, இருக்கிற எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டது. அதனால் இங்கே உதாரணங்கள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்துதான். தொகைகளை நம் வழக்கப்படி லட்சம் கோடியில் கொடுத்திருக்கிறேன்.

சாதாரண காலத்தில் மத்திய வங்கி வட்டியை எப்படி நகர்த்துகிறது?

எல்லா வங்கிகளுக்கும் மத்திய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் போனால் இந்தக் கணக்குகளில்தான் வரவும் பற்றும் விழும். மாலையில் கணக்கில் துண்டு விழுகிற வங்கி, மிச்சம் வைத்திருக்கிற வங்கியிடம் ஒரு இரவுக்குக் கடன் வாங்கும். அந்த ஓரிரவு வட்டியைத்தான் மத்திய வங்கி தீர்மானிக்கிறது. அது இறங்கினால் மூன்று மாதக் கடன், ஒரு வருடக் கடன், அப்புறம் வீட்டுக் கடன் என்று மற்றவையும் பின்னாலேயே இறங்கும்.

பூஜ்ஜியத்தோடு ஏன் நிற்க வேண்டும்? அதற்குக் கீழே இறக்கினால் என்ன?

ரொக்கம் இருக்கிறதே, அதுதான் தடை. பத்தாயிரம் யென் நோட்டுக்கு வட்டி கிடையாது, ஆனால் அது தேய்வதும் கிடையாது. உங்கள் டெபாசிட்டில் வருடத்துக்கு 2 சதவீதம் பிடித்துக்கொள்வேன் என்று வங்கி சொன்னால், பணத்தை எடுத்து பீரோவில் வைத்துவிடுவீர்கள். எல்லோரும் அப்படிச் செய்தால் வங்கி படுத்துவிடும். கோடிக்கணக்கில் ரொக்கத்தை வைத்துக்கொள்ளப் பெட்டகம், காவல், காப்பீடு என்று செலவு ஆவதால் கொஞ்சம் கீழே போக இடம் உண்டு. சுவிட்சர்லாந்தும் டென்மார்க்கும் மைனஸ் 0.75 சதவீதம் வரை போய் நின்றன.

பூஜ்ஜியமே மலிவுதானே, அதற்கும் கீழே போகும் தேவை ஏன் வருகிறது என்று கேட்கலாம். விலைவாசி வருடத்துக்கு 1 சதவீதம் இறங்கிக்கொண்டிருந்தால், பூஜ்ஜிய வட்டிக்குக் கடன் வாங்கினவரும் உண்மையில் 1 சதவீதம் வட்டி கட்டுகிறார். அவர் திருப்பிக் கொடுக்கும் யென்னுக்கு, வாங்கிய நாளில் இருந்ததைவிட அதிகப் பொருள் கிடைக்குமே. பணவாட்டத்தின் கொடுமை இது. பொருளாதாரம் சோர்ந்து கிடக்கும் நேரத்தில் உண்மையான வட்டி தானாக ஏறிவிடும். மத்திய வங்கியால் அதைத் தொடவும் முடியாது.

ஜப்பான் எப்படி இங்கே வந்து மாட்டிக்கொண்டது?

1980களின் கடைசியில் டோக்கியோவில் நிலமும் பங்குகளும் கண்மண் தெரியாமல் ஏறின. அங்குள்ள பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது. ஏற்றத்தை அடக்க ஜப்பான் வங்கி (அதாவது அந்நாட்டு மத்திய வங்கி) 1990 ஆகஸ்டுக்குள் வட்டியை 6 சதவீதம் வரை உயர்த்தியது. குமிழி உடைந்தது. பிறகு இறக்கி இறக்கி 1995 செப்டம்பரில் 0.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் நிலத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு வங்கிகள் கொடுத்திருந்த கடன்கள் அதற்குள் வாராக் கடனாகிவிட்டன. 1997 நவம்பர் ஒரே மாதத்தில் சான்யோ செக்யூரிட்டீஸ், ஹொக்கைடோ தகுஷோகு வங்கி, நூறு வருடப் பாரம்பரியம் கொண்ட யமைச்சி செக்யூரிட்டீஸ் மூன்றும் விழுந்தன. யமைச்சியின் தலைவர் பத்திரிகையாளர்கள் முன் நின்று, தவறு எங்களுடையது, ஊழியர்கள் மேல் தப்பில்லை என்று அழுதபடி சொன்ன காட்சியை ஜப்பானியர்கள் இன்றும் மறக்கவில்லை. விலைகள் இறங்கத் தொடங்கின. 1999 பிப்ரவரியில் ஓரிரவு வட்டி ஏறத்தாழ பூஜ்ஜியத்துக்கு வந்தது.

'வட்டியை உயர்த்த மாட்டோம்' என்று வாயால் சொன்னால் போதுமா?

பாதி வேலை அதுதான். பத்து வருடக் கடனின் வட்டி எங்கிருந்து வருகிறது? அடுத்த பத்து வருடம் ஓரிரவு வட்டி எப்படி இருக்கும் என்று சந்தை ஒரு கணக்குப் போடுகிறது. அந்தச் சராசரியோடு, பணத்தை நீண்ட காலம் முடக்குவதற்காகக் கொஞ்சம் கூடுதல் சேர்க்கிறது. இன்றைய வட்டி பூஜ்ஜியத்தில் முட்டி நின்றாலும், மூன்று வருடம் கழித்து அது என்னவாக இருக்கும் என்ற எண்ணத்தை மாற்ற முடியும். 1999 ஏப்ரலில் ஜப்பான் வங்கியின் தலைவர் மசாரு ஹயாமி, பணவாட்டக் கவலை தீரும் வரை பூஜ்ஜியம் தொடரும் என்று அறிவித்தார். பின்னாளில் எல்லா மத்திய வங்கிகளும் கையில் எடுத்த முறைக்கு இது முன்னோடி.

சொன்னால் மட்டும் ஆகுமா, சொன்னபடி இருக்க வேண்டாமா? 2000 ஆகஸ்டில், தள்ளிப்போடுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டும் கேட்காமல், வட்டியை 0.25 ஆக்கினார்கள். விலைகள் அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. கொஞ்ச நாளில் அமெரிக்காவின் டாட்காம் சரிவு, அதாவது இணையக் கம்பெனிகளின் பங்குச் சரிவு, ஜப்பானையும் இழுத்துப் போட்டது. 2001 மார்ச்சில் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 2000 ஆகஸ்டில் ஜப்பான் வங்கியின் கொள்கைக் குழுவில் உயர்வை எதிர்த்து ஓட்டுப் போட்ட இருவரில் ஒருவர் பொருளாதாரப் பேராசிரியர் கசுவோ உவேதா. இவர் பின்னால் மறுபடி வருவார்.

ஜப்பானின் பிற்காலத் துன்பத்தில் பெரிய பங்கு இந்த ஒரு முடிவுக்கு உண்டு என்பது என் கருத்து. நேரம் கிடைத்தால் உடனே பிரேக் போட்டுவிடுவார்கள் என்ற பாடத்தைச் சந்தை அன்றைக்குக் கற்றது. அதை மறக்கடிக்கப் பிறகு எத்தனை லட்சம் கோடி கொட்டியும் எளிதாக முடியவில்லை.

இதற்கு நேரெதிரான கதை ஐரோப்பாவில் நடந்தது. 2012 ஜூலை 26 அன்று லண்டனில் பேசிய ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்றார். ஸ்பெயின், இத்தாலி அரசுகள் கொடுக்க வேண்டியிருந்த வட்டி மளமளவென்று இறங்கியது. அந்தப் பேச்சைத் தொடர்ந்து அறிவித்த, அரசுக் கடன்பத்திரங்களை வாங்கும் திட்டத்தில் ஒரு யூரோகூடச் செலவாகவில்லை.

கியூ.இ. என்கிறார்களே, அது நோட்டு அடிப்பதுதானே?

குவான்டிடேட்டிவ் ஈஸிங் என்பதன் சுருக்கம் அது. ஒரே ஒரு பரிவர்த்தனையை எடுத்துக் கணக்குப் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு வங்கியிடம் 100 கோடி யென் மதிப்புள்ள அரசுக் கடன்பத்திரம் இருக்கிறது. ஜப்பான் வங்கி அதை வாங்குகிறது. பணம் எப்படிக் கொடுக்கிறது? தன்னிடம் அந்த வங்கிக்கு இருக்கும் கணக்கில் 100 கோடி யென் என்று வரவு வைக்கிறது, அவ்வளவுதான். அந்த 100 கோடி அதற்கு முந்தைய நொடி வரை உலகில் எங்கும் இல்லை. ஆகவே புதிய பணம்தான். அச்சகத்தில் ஒரு நோட்டும் ஓடவில்லை. வங்கியின் பக்கம் பார்த்தால் அதன் சொத்து ஒரு யென்கூடக் கூடவில்லை. வட்டி தரும் பத்திரம் போய், வட்டி தராத கணக்கு இருப்பு வந்திருக்கிறது.

இந்த இருப்பு வங்கிகளுக்குள்ளேயே கைமாறும்; ரொக்கமாக எடுத்தால் தவிர, மொத்தம் குறையாது. 'வங்கி அதைக் கடனாகக் கொடுத்துவிடும்' என்று பத்திரிகைகளில் வரும் விளக்கம் அதனால்தான் தடுமாறுகிறது. கடன் கொடுக்க முதலில் கேட்டு வாங்குகிறவர் வேண்டும், அவர் திருப்பிக் கட்டுவார் என்ற நம்பிக்கை வேண்டும், வங்கிக்குப் போதிய மூலதனமும் வேண்டும். அன்றைய ஜப்பானில் கம்பெனிகள் புதிதாகக் கடன் வாங்குவதை விட்டு, பழைய கடனை அடைப்பதிலேயே குறியாக இருந்தன. 2001 மார்ச்சில் வங்கிகளின் கணக்கு இருப்பை 5 லட்சம் கோடி யென்னுக்கு உயர்த்துவோம் என்று தொடங்கி, 2004 ஜனவரியில் இலக்கை 30 முதல் 35 லட்சம் கோடி வரை கொண்டுபோனார்கள். அதே காலத்தில் வங்கிகள் கொடுத்திருந்த கடன் சுருங்கிக்கொண்டே இருந்தது.

பணம் அங்கேயே கிடந்தால் என்ன பிரயோஜனம்?

பயன் பெரும்பாலும் வாங்கப்பட்ட பத்திரத்தின் விலை வழியாக வருகிறது. முகமதிப்பு 100 யென், வருடத்துக்கு 2 யென் வட்டி, பத்து வருடத்தில் முதிரும் பத்திரம் ஒன்று. 100 கொடுத்து வாங்கினால் வருமானம் 2 சதவீதம். மத்திய வங்கி வரிசையாக வாங்கித் தள்ளுவதால் விலை 109.50க்கு ஏறினால், வாங்குகிறவருக்குக் கிடைப்பது சுமார் 1 சதவீதம்தான். 120க்கு ஏறினால் பூஜ்ஜியம்: பத்து வருடத்தில் வட்டி 20, அசல் 100, போட்டது 120. அதற்கு மேல் 122 கொடுத்து ஒருவர் வாங்கினால், 2 யென் நஷ்டம் என்று தெரிந்தே வாங்குகிறார். 2016 ஜூலையில் ஜப்பானின் பத்து வருடப் பத்திரம் மைனஸ் 0.3 சதவீதம் அளவில் விலைபோனது, இப்படித்தான்.

அரசுப் பத்திரத்தில் வருமானம் இவ்வளவு தேய்ந்தால், ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் வேறு இடம் தேடும். கம்பெனிக் கடன், பங்கு, வெளிநாட்டுப் பத்திரம் என்று நகரும். கம்பெனிகளுக்குக் கடன் மலியும், பங்குகள் ஏறும், யென் விழும், ஏற்றுமதி லாபம் கூடும். கூடவே ஒரு சமிக்ஞையும் போகிறது: இவ்வளவு பத்திரத்தை வாங்கி வைத்திருக்கிற மத்திய வங்கி, வட்டியை அவசரமாக உயர்த்தித் தன் கையிலிருப்பதன் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்ளாது.

இதில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் பொருளாதார நிபுணர்களுக்குள் இன்னும் தகராறுதான். கியூ.இ. நடைமுறையில் வேலை செய்கிறது, தத்துவத்தில்தான் செய்யவில்லை என்று 2014இல் பென் பெர்னான்கி கிண்டலாகச் சொன்னார். அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கையிருப்பை 2008இல் ஒரு லட்சம் கோடி டாலருக்கும் கீழே இருந்து 2014இல் நாலரை லட்சம் கோடிக்குக் கொண்டுபோன கூட்டத்துக்கு 2014 ஜனவரி வரை தலைவராக இருந்தவரே அவர்தான்.

இலங்கையும் அதைத்தானே செய்தது? அங்கே ஏன் விலைவாசி எகிறியது?

வெளியே இருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். 2019 கடைசியில் வரிகளைக் குறைத்த இலங்கை அரசு, 2020 முதல் பற்றாக்குறையை நிரப்பத் திறைசேரி உண்டியல்களை (அரசின் குறுகியகாலக் கடன்பத்திரங்களை) வெளியிட்டது. வேறு யாரும் அந்த வட்டிக்கு எடுக்காததை மத்திய வங்கி எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் வங்கிகளின் கணக்கில் தூங்கவில்லை. சம்பளமாகவும் மானியமாகவும் நேரே செலவுக்கு இறங்கியது. செலவு செய்தால் இறக்குமதி கூடும், இறக்குமதிக்கு டாலர் வேண்டும், டாலர் கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. ரூபாயை ஏறக்குறைய 200இல் பிடித்து வைத்திருந்து 2022 மார்ச்சில் விட்டார்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம்.

ஜப்பான் அரசின் கடன் முழுவதும் அதன் சொந்த நாணயத்தில், பெரும்பாலும் உள்நாட்டிலேயே இருக்கிறது. வெளிநாடுகளுக்குக் கொடுக்க வேண்டியதைவிட வெளிநாடுகளிலிருந்து அதற்கு வர வேண்டியது அதிகம். ஆலைகள் ஆர்டர் இல்லாமல் சும்மா கிடந்தன. யார் கேட்டு, எந்த நிலையில், எந்த நாணயத்தில் கடன் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாகும். அரசுக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுப்பதை இலங்கை 2023இல் புதிய மத்திய வங்கிச் சட்டத்தின் மூலம் தடை செய்துவிட்டது.

குரோடாவின் 'பசூக்கா' என்பது என்ன?

2013 ஏப்ரல் 4 அன்று, ஜப்பான் வங்கியின் தலைவர் பதவிக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த ஹருஹிகோ குரோடா ஒரு பலகையைக் காட்டினார். அதில் எங்கு பார்த்தாலும் 2: பணவீக்கம் 2 சதவீதம், 2 வருடத்துக்குள், பண அடித்தளம் (புழங்கும் ரொக்கமும் வங்கிகளின் கணக்கு இருப்பும் சேர்ந்த தொகை) 2 மடங்கு. முன்பு இருந்தவர்கள் சொட்டுச் சொட்டாகச் செய்ததை ஒரே அடியில் செய்தால் மக்களின் எண்ணமே மாறும் என்பது கணக்கு; 'பசூக்கா' என்ற பெயர் அந்த ஒரே அடிக்குத்தான். பிரதமர் ஷின்சோ அபேயும் பின்னால் நின்றார். 2012 கடைசியில் 138 லட்சம் கோடி யென்னாக இருந்த பண அடித்தளம் சொன்னபடியே இரண்டு வருடத்தில் இரட்டிப்பானது. 2014 அக்டோபர் 31 அன்று, கடன்பத்திரக் கையிருப்பை வருடத்துக்கு 80 லட்சம் கோடி யென் கூட்டுவோம் என்று வேகத்தை இன்னும் ஏற்றினார்கள். பங்குச் சந்தை இடிஎஃப்களையும் (பல கம்பெனிப் பங்குகளை ஒரே கூடையாக்கிச் சந்தையில் விற்கும் நிதிகளையும்) வாங்கிக் குவித்தார்கள். ஒரு நாட்டின் மத்திய வங்கியே பங்குச் சந்தையின் பெரும்புள்ளியாவது அபூர்வமான காட்சி.

மைனஸ் வட்டி வந்ததும் ஜப்பானியர்கள் வங்கியில் பணம் போடக் கட்டணம் கட்டினார்களா?

இல்லை. 2016 ஜனவரி 29 அன்று ஐந்துக்கு நான்கு என்ற ஓட்டில் மைனஸ் 0.1 சதவீதம் முடிவானது. அதற்கு எட்டு நாள் முன்புதான், அப்படி ஒரு யோசனை இப்போதைக்கு இல்லை என்று குரோடா நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார்! அந்த 0.1 சதவீதக் கழிவும் வங்கிகள் ஜப்பான் வங்கியில் வைத்திருக்கும் பணத்தின் ஒரு சிறு அடுக்குக்கு மட்டும்தான். ஏற்கெனவே சேர்ந்திருந்த பெரும்பகுதிக்கு பிளஸ் 0.1, இன்னொரு அடுக்குக்குப் பூஜ்ஜியம், மிச்சத்துக்கு மைனஸ். வங்கிகளின் லாபம் அடியோடு போய்விடக் கூடாது, ஆனால் கடைசியாக வரும் ஒவ்வொரு யென்னும் சுட வேண்டும். அதற்காக இந்த ஏற்பாடு.

பொதுமக்களிடம் வங்கிகள் கழிவு பிடிக்கவில்லை. கொடுப்பதைத்தான் குறைத்தன. பெரிய வங்கிகளில் சேமிப்புக் கணக்கு வட்டி அப்போது 0.001 சதவீதமாக இறங்கியது. பத்து லட்சம் யென் போட்டு வைத்தால் வருடத்துக்கு 10 யென், அதிலும் வரி பிடிப்பார்கள். வேலை நேரம் தாண்டி ஏடிஎம்மில் ஒரு தடவை பணம் எடுத்தால் கட்டணம் நூறு யென்னுக்கு மேல். ஒரே தடவையில் பத்து வருட வட்டி போச்சு.

அறிவிப்பின் நோக்கமும் முதலில் நிறைவேறவில்லை. யென் விழும் என்று எதிர்பார்த்தார்கள். டாலருக்கு 121 என்று இருந்த யென், இரண்டு வாரத்தில் 111 வரை வலுத்துவிட்டது. வங்கிப் பங்குகள் அடிவாங்கின. இவ்வளவு தூரம் போகிறார்கள் என்றால் நிலைமை மோசமாகத்தான் இருக்க வேண்டும் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பத்து வருட வட்டியையே நேரடியாகக் கட்டிப்போட முடியுமா?

முடிந்தது, கொஞ்ச காலம். 2016 செப்டம்பர் 21 முதல், பத்து வருடப் பத்திர வட்டி பூஜ்ஜியத்தைச் சுற்றியே இருக்கும் என்று ஜப்பான் வங்கி அறிவித்தது. இவ்வளவு வாங்குவோம் என்பதற்குப் பதில், இந்த விலைக்கு எவ்வளவு வந்தாலும் வாங்குவோம் என்று பேச்சு மாறியது. சந்தை நம்பியதால் வாங்க வேண்டிய தேவையே குறைந்தது; 80 லட்சம் கோடி என்ற வருடாந்திர வேகம் 2019க்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இருக்கிற எல்லா முறைகளிலும் எனக்கு இதுவே நேர்த்தியாகத் தோன்றுகிறது. நம்பும் வரை கிட்டத்தட்டச் செலவே இல்லை.

நம்பிக்கை ஆடினால் கதை வேறு. 2022இல் உலகமெங்கும் வட்டி ஏறியபோது, ஜப்பானும் ஒரு நாள் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று பத்திரங்களை விற்றுத் தள்ளினார்கள். அப்போது உச்சவரம்பு 0.25 சதவீதம். அதைக் காக்க 2022 ஜூன் ஒரே மாதத்தில் சுமார் 16 லட்சம் கோடி யென்னுக்கு வாங்க வேண்டியிருந்தது. ஜப்பான் வங்கியே பெரும்பகுதியை வைத்திருந்ததால், புதிய பத்து வருடப் பத்திரத்தில் ஒரு வியாபாரம்கூட நடக்காத நாட்களும் வந்தன. 2022 டிசம்பரில் வரம்பு 0.5, 2023 ஜூலையில் நடைமுறையில் 1 சதவீதம் என்று தளர்த்தித் தளர்த்திக் கடைசியில் கைவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி இதையே மூன்று வருடப் பத்திரத்தில் செய்து, 2021 அக்டோபர் கடைசியில் முன்னறிவிப்பில்லாமல் நழுவவிட்டுக் கெட்ட பெயர் வாங்கியது.

கடைசியில் பலன் கிடைத்ததா இல்லையா?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2012 கடைசியில் டாலருக்கு 80 யென்னை ஒட்டி இருந்த மதிப்பு 2015இல் 120ஐத் தாண்டியது. பத்தாயிரத்துக்குக் கீழே கிடந்த நிக்கேய் இருபதாயிரத்தைத் தொட்டது. 4 சதவீதத்துக்கு மேல் இருந்த வேலையின்மை 2019இல் இரண்டரைக்கும் கீழே வந்தது. இவற்றைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

ஆனால் சொன்ன இலக்கு 2 சதவீத விலையேற்றம். சொன்ன கெடு இரண்டு வருடம். 2014 ஏப்ரலில் விற்பனை வரியை 5இலிருந்து 8 ஆக்கியதில் மக்கள் செலவைச் சுருக்கினார்கள், அந்த வருடமே எண்ணெய் விலையும் சரிந்தது. அதைவிடப் பெரிய தடை மனதில் இருந்தது. இருபது வருடமாக விலை ஏறாத நாட்டில் விலை ஏறாது என்பதே பழக்கமாகிவிட்டது. 2016இல் அகாகி என்ற ஐஸ்கிரீம் கம்பெனி தன் குச்சி ஐஸின் விலையை 60 யென்னிலிருந்து 70 ஆக்கியது. 25 வருடத்தில் முதல் உயர்வு. அதற்காகக் கம்பெனித் தலைவரும் ஊழியர்களும் வரிசையாக நின்று குனிந்து மன்னிப்புக் கேட்கும் விளம்பரம் டிவியில் ஓடியது. பத்து யென்னுக்காகக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் ஊரில், வங்கிகளின் கணக்கில் எத்தனை பூஜ்ஜியம் சேர்த்தாலும் கடைக்காரர் விலைப்பட்டியலை மாற்ற யோசிப்பார்.

விலை ஏறியது, ஆனால் குரோடாவின் வழியில் அல்ல. கொரோனாவுக்குப் பிந்தைய தட்டுப்பாடு, உக்ரைன் போர், பலவீனமான யென் மூன்றும் சேர்ந்து 2023 ஜனவரியில் பணவீக்கத்தை 4 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோயின. 41 வருடங்களில் இல்லாத அளவு. எல்லோரும் சேர்ந்து ஏற்றியதால் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகுதான் சம்பளமும் நகர்ந்தது. 2024 வசந்தகாலப் பேச்சுவார்த்தையில் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு 5.1 சதவீத உயர்வு வாங்கியது.

இதில் யாருக்கு ஆதாயம், யாருக்கு அடி?

பங்கும் நிலமும் வைத்திருந்தவர்களுக்கு ஆதாயம். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு நல்ல ஆதாயம். மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கும்தான். ஜப்பானியக் குடும்பங்களின் நிதிச் சொத்தில் பாதிக்கு மேல் அந்தக் காலத்தில் ரொக்கமும் டெபாசிட்டுமாக இருந்தது. அதை நம்பி இருந்த முதியவர்கள் கால் நூற்றாண்டு வட்டியையே பார்க்கவில்லை. சிற்றூர்களில் கடன் கொடுத்துப் பிழைக்கும் வங்கிகளும் நொந்துபோயின. இன்னொரு பக்கம், எதையும் செய்யாமல் இருந்திருந்தால் வேலை இழந்திருக்கக்கூடியவர்களைக் கணக்கில் காட்ட முடியாது. அதனால் இந்த விவாதத்தில் முதியவர்களின் குரல்தான் எப்போதும் உரக்கக் கேட்கிறது.

நமக்கு, அதாவது இந்தியாவுக்கு, இதனால் என்ன?

பணக்கார நாடுகளில் வட்டி இல்லாதபோது பணம் இங்கே வரும். அங்கே கதவை மூடப்போகிறோம் என்று சொன்னாலே ஓடும். 2013 மே 22 அன்று, பத்திரம் வாங்கும் வேகத்தைக் குறைக்கலாம் என்று பெர்னான்கி அமெரிக்க காங்கிரஸில் கோடிகாட்டினார். 55 ரூபாய்ப் பக்கம் இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68ஐத் தாண்டியது. குறைப்பு தொடங்கியதோ அடுத்த ஜனவரியில்தான்.

ரிசர்வ் வங்கி பூஜ்ஜியத்தின் பக்கம் போனதே இல்லை. கொரோனாக் காலத்தில் ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு அது கொடுக்கும் குறுகியகாலக் கடனின் வட்டி, 4 சதவீதத்தில் நின்றது. ஆனாலும் 2021 ஏப்ரலில், அந்தக் காலாண்டில் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரம் வாங்குவோம் என்று தொகையை முன்கூட்டியே அறிவித்தது. கியூ.இ.யின் சாயல் அதில் உண்டு.

அரசின் கடனை மத்திய வங்கியே வாங்கிவிட்டால் கடன் தீர்ந்த மாதிரிதானே?

வட்டி பூஜ்ஜியமாக இருக்கும் வரை அப்படித்தான் தோன்றும். ஜப்பான் அரசுப் பத்திரங்களில் ஏறக்குறைய பாதி ஜப்பான் வங்கியிடம் சேர்ந்திருந்தது. அரசு கட்டும் வட்டி அதற்குப் போய், லாபமாகத் திரும்ப அரசுக்கே வரும். ஆனால் பத்திரத்தை வாங்கக் கொடுத்த பணம் 2024இல் வங்கிகளின் கணக்கில் 500 லட்சம் கோடி யென்னுக்கு மேல் நின்றது. அதற்கு 0.5 சதவீதம் வட்டி கொடுக்க நேர்ந்தாலே வருடத்துக்கு இரண்டரை லட்சம் கோடி. அரசின் நீண்டகாலக் கடன், ஓரிரவு வட்டிக்கு ஆடும் கடனாக உருமாறியிருக்கிறது. அமெரிக்காவில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது: 2023இல் ஃபெடரல் ரிசர்வுக்கு 11,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இதிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள்?

2024 மார்ச் 19 அன்று மைனஸ் வட்டி, பத்து வருட வட்டி வரம்பு, புதிய இடிஎஃப் கொள்முதல் மூன்றும் ஒரே நாளில் முடிந்தன. முடித்து வைத்த தலைவர், 2000இல் அவசரப்பட வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட அதே உவேதா. விலை, சம்பளம் இரண்டும் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அவர் கை வைத்தார். அப்படியும் வலிக்காமல் இல்லை. ஜூலை 31 அன்று 0.25 ஆக்கியதும், மலிவான யென்னில் கடன் வாங்கி வெளியே முதலீடு செய்திருந்தவர்கள் பதறினார்கள். அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமும் சோர்வாக வர, ஆகஸ்ட் 5 அன்று நிக்கேய் 4,451 புள்ளிகள், அதாவது 12.4 சதவீதம், விழுந்தது. மறுநாளே 10 சதவீதம் எழுந்தது. வட்டி 2025 ஜனவரியில் 0.5 ஆனது.

பத்திரங்களை விற்க வேண்டியதில்லை. முதிர முதிர அவை தானே கழியும். பங்குகளுக்கு முதிர்வு கிடையாது. வாங்கிய விலையில் சுமார் 37 லட்சம் கோடி யென் மதிப்புள்ள இடிஎஃப்களை, வருடத்துக்கு 33,000 கோடி என்ற கணக்கில் சந்தை அதிராமல் விற்கப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். அந்த வேகத்தில் விற்று முடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதை உவேதாவும் ஒப்புக்கொண்டார்.